மூன்று பிரதிகள்

பதினொன்றரைக்குக் கூட்டம். இப்போது பத்து நாற்பது. ஐம்பது நிமிடம் என்றால் எனக்கு இருபத்தைந்து பதிவு, நல்ல நாளில் முப்பது, இன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றுகூட நகரவில்லை, திரையில் அந்த ஒரே பதிவு நிற்கிறது, நானும் அசையாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பொருநைப் பாசனக் கால்கள், 1958, 212 பக்கம், இருப்பு இரண்டு நூலகங்கள். ஜூன் மாதம் வரைக்கும் இருப்பு மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. மூன்று என்பது பொய். அந்தப் பொய்யைச் செய்தது நான்தான், ஹெப்சிபா ஜெயசீலி, பதினோரு கல்லூரி நூலகங்களின் கூட்டுப்பட்டியலுக்குப் பொறுப்பாளர், வருகிற ஜனவரி முப்பத்தொன்றில் ஓய்வு பெறப் போகிறவள். என்ன வேலை அது என்று கேட்பவர்களுக்கு விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. என் மகள் ஜெமிமா பெங்களூரில் அவளுடைய சிநேகிதிகளிடம் சொல்வாள், பதினோரு வீட்டுச் சாமானையும் எங்க அம்மா ஒரே நோட்டில எழுதி வச்சிருக்கா, யாரு வீட்டுல எது இருக்குன்னு கேட்டா டக்குன்னு சொல்லிருவா என்று. கிண்டலாகத்தான் சொல்கிறாள், ஆனால் இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. பதினோரு வீட்டுக்கும் ஒரு நோட்டு. நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எந்த வீட்டிலும் ஒரு சாமானைத் தூக்கிப் போடுவார்கள். ஏசி இன்றைக்கும் ஒழுகுகிறது, வாளியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, முன்பெல்லாம் எனக்கு அந்தச் சத்தமே காதில் விழாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பதினோரு கல்லூரிகளும் சேர்ந்து ஒரே பட்டியல் என்று முடிவு செய்து, அவரவர் பதிவுகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டியபோது இருந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றும். ஒரே புத்தகம் ஏழு பதிவாக வந்து நின்றது. ஒரு கல்லூரியில் ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகத்தின் முகவரி, இன்னொன்றில் பக்கத்துக்குப் பதிலாக அலமாரி எண், ஒரு மகாராசன் அலமாரியோடு வந்த பூட்டையும் சாவியையும்கூட இரண்டு புத்தகமாக ஏற்றியிருந்தான். எல்லாவற்றையும் கழுவித் துடைத்தது நான். ஒன்றுபோல இருக்கிற இரண்டு பதிவை எடுத்து, எது நல்ல பதிவு என்று பார்த்து, மற்றதை அதற்குள் சேர்ப்பது, அதுதான் வேலை. சேர்த்துவிட்டால் இரண்டாவது பதிவு மறைந்துவிடும், அதன் கீழே இருந்த நூலகங்களின் பெயர் மட்டும் முதலாவதின் கீழே வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பதிமூவாயிரம். ஆண்டறிக்கையில் என் பெயரைப் போட்டு, இத்தனை சுத்தமான பட்டியல் தென்மாவட்டங்களில் வேறு எங்கும் கிடையாது என்று எங்கள் கூட்டமைப்பின் தலைவர் பொன்னுரங்கம் சார் எழுதினார். நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஜெமிமாவுக்கு அனுப்பினேன். அவள் ஒரு கைத்தட்டலை அனுப்பினாள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னை முன்வரிசையில் உட்கார விடமாட்டார்கள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி. எனக்குத் தேதி எப்போதும் மறக்காது, ஆனால் இந்தத் தேதியை நான் மறக்கத்தான் பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் அன்றைக்கு வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது, மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது, ஆண்டறிக்கைக்குள் பதிமூவாயிரத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நாலு மணிக்கு மேல் இந்தப் புத்தகம் வந்தது. ஒரு பதிவு 1958, இரண்டு பெரிய கல்லூரிகளில் இருக்கிறது. இன்னொன்று 1931, 212 பக்கம், ஒன்பது வரைபடம், சங்கரநயினாருடைய கல்லூரியில் மட்டும். அதே தலைப்பு, அதே ஆசிரியர், அதே பக்கம். சங்கரநயினார் போட்ட பதிவென்றாலே எனக்கு ஒரு இளக்காரம். சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி, தொகுப்பூதியத்தில் இருக்கிற ஒற்றை நூலகர், பழைய பதிவேட்டைப் பார்த்து ராவும் பகலுமாகத் தட்டச்சு செய்து ஏற்றியவர், வருஷம் போடுகிற இடத்தில் வாய்க்கு வந்ததைப் போடுகிறார் என்று போன வருஷக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் அவரைச் சொல்லியிருக்கிறேன். சங்கரநயினார், உங்க பதிவைத் தொட்டா நான் கை கழுவ வேண்டியிருக்கு என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆக 1931 என்பது அவருடைய வழக்கமான கோளாறு, ஒன்பது வரைபடம் என்பது வேறு எதையோ பார்த்துப் போட்டது. போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சங்கரநயினார், அலமாரியில போய் அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்று. கேட்கவில்லை. 1958 நல்ல பதிவு, 1931 அழுக்குப் பதிவு. உறுதியா என்று கணினி கேட்டது, அது எல்லாவற்றுக்கும் கேட்கும். உறுதி என்று அழுத்தினேன். அடுத்த பதிவுக்குப் போய்விட்டேன்.

அழுத்தியதற்கு இரண்டு மாதம் கழித்து அவருடைய கல்லூரியில் நூலகத்தைப் பெரிய கூடத்திலிருந்து ஒற்றை அறைக்கு மாற்றினார்கள், கூடம் தேர்வுக்கு வேண்டுமாம், இரண்டாயிரம் புத்தகத்தைக் கழித்துக் கட்டு என்று அவருக்கு உத்தரவு. கழிக்கிறதற்கு எங்கள் கூட்டமைப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. பட்டியலைப் பார்க்க வேண்டும், வேறு இரண்டு நூலகத்தில் இருந்தால் கழிக்கலாம், வேறு எங்கும் இல்லையென்றால் கறையான் தின்றாலும் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்த்தார். மூன்று என்று காட்டியது. பழைய பேப்பர் கடைக்குப் போன மூட்டையில் அந்தப் புத்தகமும் போனது. ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் கேட்டு எழுதினார், 1931 பதிப்பு எங்களுக்குத் தெரிந்து உங்கள் பக்கம்தான் இருந்தது, அதிலுள்ள ஒன்பது வரைபடமும் வேண்டும், தூர்ந்துபோன கால்வாய்கள் எங்கெங்கே ஓடின என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை என்று. மற்ற இரண்டு கல்லூரியிலும் எடுத்துப் பார்த்தார்கள். 1958 மறுபதிப்பில் ஒரு வரைபடம்கூடக் கிடையாது, தாளை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பு இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அரைத்துக் கூழாகிவிட்டது. கடைசிப் பிரதியை எப்படிக் கழித்தீர்கள் என்று சங்கரநயினாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இன்றைய கூட்டத்தின் முதல் பொருள் அதுதான். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் அவருடைய கல்லூரிக்கு எழுதுவார்கள், எழுதினால் அடுத்த வருஷம் அவருக்கு வேலை நீட்டிப்பு கிடையாது, இது எல்லோருக்கும் தெரியும். வயது நாற்பத்தாறு. இனிமேல் எந்தக் கல்லூரி அவரை எடுக்கும்.

அவருடைய விளக்கக் கடிதம் நேற்று எனக்கும் ஒரு நகல் வந்தது. ஒரே பக்கம். கூட்டுப்பட்டியலில் மூன்று பிரதிகள் இருப்பதாகக் காட்டியது, எனினும் நான் பிற நூலகங்களைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, கவனக்குறைவுக்கு வருந்துகிறேன், கடைக்கு மூன்று முறை சென்று தேடியும் மூட்டைகள் ஆலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன், நிம்மதி. அப்பாடா, இவருக்குத் தெரியவில்லை. விதியில் அந்தத் தொலைபேசி வரியும் இருக்கத்தான் செய்கிறது, ஒருவரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் வரி இருக்கிறது, அப்படியானால் சட்டப்படி தப்பு அவருடையதுதானே. பழைய பதிவின் வரலாற்றை என் கணக்கிலிருந்துதான் திறக்க முடியும், மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது, மென்பொருள்காரனுக்கு இதைத் தோண்டிப் பார்க்கிற நேரம் இல்லை. ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம். ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், கேசரி, மிக்சர், ஹெப்சிபா மேடம் இல்லாட்டி இந்தப் பட்டியலே இல்லை என்று நாலு பேர் பேசுவார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சீ. டீ ஆறிப் போய்விட்டது. இஞ்சி தட்டிப்போட்டது, ஆறினால் தொண்டையில் சுருக்கென்று பிடிக்கும். அதை அப்படியே குடித்தேன்.

என் வீட்டுக்காரர் ஆசீர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், நானாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவரிடம் இரண்டு பாட்டுப்புத்தகம் இருந்தது, இரண்டும் ஒரே பதிப்பு, ஒரே கறுப்பு அட்டை. அவர் போன இரண்டாம் மாதமே நான் வீட்டை ஒழித்தேன், எனக்கு எதுவும் இரண்டு இரண்டாக இருக்கக்கூடாது, ஒன்றைச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டேன், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அதுவும் ஏலம் போனது. கிறிஸ்துமஸுக்கு வந்த ஜெமிமா மற்றதை எடுத்துப் புரட்டிவிட்டு, அப்பா பென்சில்ல எழுதி வச்சிருந்தது எங்கேம்மா என்றாள். பாடகர் குழுவில் அவர் கீழ்க்குரல் பாடுவார், எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று ஓரத்தில் சின்னச் சின்னதாகப் போட்டு வைத்திருப்பார், ஒன்றில்தான், மற்றது புதுசு. ரெண்டும் ஒண்ணுதானட்டி என்று நான் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யார் ஏலத்தில் எடுத்தார் என்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கிறேன், கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்பதென்றால் நான் தப்பான புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக நான் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன். என்னத்தை நினைத்து என்னத்துக்குப் போய்விட்டேன், மணி பதினொன்று ஐந்து.

கடிதத்தை மறுபடி எடுத்தேன். இணைப்பு ஒன்று என்று கீழே இருக்கிறது, நேற்று நான் அதைத் திறக்கவே இல்லை, கடிதமே போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது திறந்தேன். கழித்த அன்றைக்கு அவர் எடுத்து வைத்த அச்சுப் பக்கம், ஜூன் பதினான்கு, அந்தப் பதிவேதான், இருப்பு மூன்று. எல்லாக் கழிவுக்கும் இப்படி ஒரு பக்கம் எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது, வேறு எந்த நூலகத்திலும் இதைச் செய்கிறார்களா என்பது சந்தேகம். சரியாகத்தான் இருக்கிறது என்று மூடப் போனேன், மூட முடியவில்லை, என்னவோ ஒன்று குறைகிறது, ஆறு வருஷம் இந்தப் பக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு என்னவோ குறைகிறது. அடி வரி. எங்கள் பட்டியலிலிருந்து எந்தப் பக்கத்தை அச்செடுத்தாலும் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும், இந்தப் பதிவு கடைசியாக மாற்றப்பட்ட நாள், மாற்றியவர். திரையில் தெரியாது, தாளில் வரும், நேற்று எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அந்த வரி இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, கொஞ்சம் சாய்ந்தாற்போல, அதன் ஓரத்தில் மெல்லிய நிழல். தாளை வெட்டி மேலே ஒட்டிவிட்டு நகல் எடுத்திருக்கிறார். ஏப்ரல் ஒன்பது, ஹெப்சிபா ஜெயசீலி என்று அங்கே இருந்திருக்கும். அவருக்குத் தெரியும். கழித்த அன்றைக்கு அவர் அதைக் கவனித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் விளக்கம் எழுத உட்கார்ந்தபோது நிச்சயம் பார்த்திருக்கிறார், தான் போட்ட பதிவு எங்கே போனது என்று தேடியிருப்பார், யார் எடுத்தது என்று தெரிந்திருக்கும், தெரிந்த பிறகு கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார். இந்த மனுஷனுக்கு நான் என்ன நல்லது செய்தேன். கூட்டத்தில் எல்லோரையும் அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன், அவ்வளவுதான்.

பதினொன்று இருபது. சொல்லிவிடலாம் என்றால் அதுவும் ஒரு சொல்லில் முடிகிற காரியமா. இது ஒன்று வெளியே தெரிந்தது, ஒரு ஆராய்ச்சிக்காரர் கேட்டதால் தெரிந்தது. பதிமூவாயிரத்தில் யாரும் கேட்காதது எத்தனை. இந்த ஆறு வருஷத்தில் நான் எத்தனை சின்னக் கல்லூரிப் பதிவை அழுக்கு என்று பெரிய கல்லூரிப் பதிவுக்குள் போட்டு மூடினேன், ஒரு நாளைக்கு நூற்று நாற்பதுகூடச் செய்திருக்கிறேனே, நூற்று நாற்பதையும் ஒருத்தி பார்த்துச் செய்ய முடியுமா. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். திறந்தால் நான் ஆறு வருஷம் செய்தது சுத்தமா நாசமா என்று எனக்கே தெரிந்துவிடும், அதுதான் பயம், பொன்னாடை இல்லை, கேடயம் இல்லை, எனக்கே தெரிந்துவிடும். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், கூட்டத்துக்குள் நுழைந்தேன். திரையில் ஒவ்வொரு சதுரமாக முகங்கள் வந்தன. சங்கரநயினார் வெள்ளைச் சட்டை போட்டுத் தலைமுடியைப் படிய வாரியிருந்தார், பின்னால் அந்த ஒற்றை அறை, கூரை வரைக்கும் புத்தகக் கட்டு, நேர்காணலுக்கு வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். பொன்னுரங்கம் சார் வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். சங்கரநயினார், உங்க கடிதத்தை எல்லாரும் படிச்சிட்டாங்க, வேற ஏதாவது சொல்லணுமா. எழுதித் தந்ததுதான் சார், நான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும், கேக்கலை, எம் மேலதான் தப்பு என்று அவர் சொன்னார். சொல்லும்போது அவர் எந்தச் சதுரத்தையும் பார்க்கவில்லை. அப்ப உங்க கல்லூரிக்கு முறைப்படி எழுதிரலாம் என்று சார் சொன்னார். நான் ஒலிவாங்கியைத் திறந்தேன், கை எப்படிப் போனது என்று தெரியவில்லை, சார் ஒரு நிமிஷம் என்ற குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

“அங்க இருந்தது வேற புத்தகம், மத்த ரெண்டு எடத்துல இருக்கது வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு சேத்தது நான், ஏப்ரல் ஒம்பதாம் தேதி. அவரு போட்டிருந்த வருஷம் சரி, வரைபடமும் சரி. அவரு பதிவை நான் நம்பலை. அவரு என் பட்டியலை நம்புனாரு.”

சங்கரநயினார்தான் முதலில், “எதுக்கு மேடம், விடுங்க மேடம்” என்றார், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல, எல்லோருக்கும் கேட்டது. பொன்னுரங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன், எனக்கு வழி விடத்தான் பார்த்தார். “பரவாயில்ல மேடம், இத்தனை ஆயிரத்துல ஒண்ணு. இந்த ஒண்ணுதானே? அப்படியே குறிப்புல போட்டு முடிச்சிக்கலாம்.” ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சங்கரநயினாருக்கும் ஒன்றும் ஆகாது, எனக்கும் ஒன்றும் ஆகாது, பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

“தெரியாது சார். பதிமூணாயிரத்தையும் திறந்து பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் என் பட்டியலைப் பாத்து யாரும் எதையும் கழிக்க வேண்டாம்.”

தூத்துக்குடிப் பக்கக் கல்லூரியின் நூலகர் எப்சி பெர்னாந்து சட்டென்று ஒலிவாங்கியைத் திறந்தாள். “அக்கா, நான் நானூறு கட்டி வச்சிருக்கேன், நாளைக்குக் காலையில வண்டி வருது.”

“வண்டி வேண்டாம்னு சொல்லிரு.”

“எல்லாத்தையுமா அக்கா?”

“எல்லாத்தையும்.”

அவள் எழுந்து போவது தெரிந்தது, போன் பேசத்தான் போகிறாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள், ஒருத்தர் எதையோ எழுதினார், ஒருத்தர் தன் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷமாக நான் கட்டியதை நானே ஒரு நிமிஷத்தில் யாரும் நம்பாததாக ஆக்கிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது, அழுகை வந்தது, அழவும் செய்தேன், பத்துச் சதுரம் பார்க்க அழுதேன். யார் செய்வாங்க மேடம், நாலு மாசத்துல நீங்க ஒத்தை ஆளா எப்படி என்று சார் ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை, சங்கரநயினார் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எங்க பதிவுல நீங்க சேத்தது எத்தனைன்னு பாருங்க மேடம். மொத நம்பரைச் சொல்லுங்க. நான் போய்ப் புத்தகத்தை எடுத்துட்டு வாரேன்.”